கடைசியில் கொஞ்சம் கசக்கும்

ரோமில் படிப்பு முடித்துத் திரும்பிய ஹிலாரி சாமியார்
இரண்டு லுங்கிக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.
உள்ளே என்னவென்று பார்க்கவில்லை என்றார்.
பார்த்திருந்தார்.

சின்னவிளையில் வீட்டுக்கொரு துபாய் உண்டு,
சில வீட்டில் தோஹாவும் சேர்த்து.
இத்தாலி எங்களுக்கு மட்டும்தான்.
"பூசைக்கு வைக்கிற ரசமா?" என்றாள் செல்சி.
இல்லை, இது வெள்ளை.
வெள்ளை என்றால் வெள்ளையுமில்லை,
தெளிந்த அக்கானியில் வெயில் பட்ட நிறம்.

போனில் ததேயு பேர் சொன்னான்.
எனக்குச் சுவையே என்று கேட்டது.
"இல்ல பிள்ளே, சொவாவே.
ஊர் பேரு. மலைச்சரிவு பூரா திராட்சை."
ஊர் பேரையா குப்பிக்கு வைப்பார்கள்?
கேட்ட பிறகுதான் நினைத்தேன்,
மாங்கவிளை, புளியவிளை, பனவிளை
என்று விளைந்ததை ஊருக்கு வைத்தவர்கள்தானே நாம்.
மரம் போனபிறகும்
பஸ் போர்டில் காய்த்துக்கொண்டிருக்கிறது.

சின்னவிளையில் விளைவது மணல்.
கறுத்த மணல். லாரியில் ஆலைக்குப் போகும்.
"இங்கயும் மண்ணு கறுப்புதான்
எப்பவோ எரிமலையா இருந்த மலையாம்
மழை பெஞ்சா பூட்ஸை விடாது.
கழுவும்போது நம்ம கடப்புறம் மாதிரியே
தண்ணி கறுத்துப் போவும்."

பாவலைப் பந்தலில் விடுவதுபோல்தான்
கொடியை ஏற்றுகிறார்களாம்.
ஜனவரியில் கொம்பு வெட்டவேண்டும்,
கத்தரி பிடித்த கையா
கத்தரியே கையா என்று தெரியாத குளிர்.
வலை முடிந்த விரல், அதனால்
நீ கட்டினால் அவிழ்வதில்லை
என்றாராம் முதலாளி.
கூலி கூட்டித் தந்தாரா என்றேன்.
லைன் கட்டாகிவிட்டது.

ஐந்து வருடமாய்க் காகிதம் வரவில்லை.
காகிதமில்லாமல் வந்தால்
திரும்பப் போகமுடியாது.
குப்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மார்ச்சிலிருந்து ஃப்ரிட்ஜில் கிடந்தது
சாளைக்கும் நெய்மீன் தலைக்கும் நடுவில்.
தடைக்காலம் வந்தது. மீன் போனது.
குப்பி தனியாக நின்றது.
பிறகு இடவப்பாதி மழையில்
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
சூடானால் செத்துப்போகும் என்று சொல்லியிருந்தான்.

தக்கை திறக்கும் சாமான்
இந்தக் கரையில் யார் வீட்டிலும் இல்லை.
செல்சி எஞ்சின் பெட்டியிலிருந்து
ஒரு ஸ்க்ரூவும் குறடும் எடுத்துவந்தாள்.
காலிடுக்கில் குப்பியை வைத்து இழுத்தோம்.
பாதி வந்தது, பாதி உள்ளே விழுந்தது.
தேயிலை வடிகட்டியில் வடித்து
எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி
நெத்திலிக் கருவாடு வறுத்து
மெழுகுதிரி கொளுத்தி உட்கார்ந்தோம்.
ஏதோ நவநாள் போல.

முதல் வாய்க்கு ஒன்றுமில்லை, புளிப்பு.
இரண்டாவதில் புன்னை பூத்த மாதிரி ஒரு வாசம்
வந்ததா, நான் வரவழைத்தேனா.
விழுங்கியபின்,
யாரும் இனி இல்லை என்று நினைத்த இடத்தில்
வாதாங்கொட்டைத் தோல்போல் ஒரு கசப்பு
நாக்கின் வேரில் உட்கார்ந்துகொண்டது.

"கடைசியில கொஞ்சம் கசக்கும்.
கெட்டுப்போச்சுன்னு நினைச்சிராத.
நல்ல குப்பிக்கு அதான் அடையாளம்."

"நாலு மாசம் மீன்கூட கிடந்திருக்கு,
கெட்டுத்தான் போயிருக்கும்" என்றாள் செல்சி,
டம்ளரை நீட்டியபடி.

லேபிளில் ஒரு கோட்டை வரைந்திருந்தார்கள்.
கீழே சரிவு, சரிவெல்லாம் கோடு கோடாய்க் கொடிகள்.
ஆள் யாருமில்லை.
ராத்திரி கூப்பிட்டபோது கேட்டேன்,
இதில் நீ எங்கே?
"கோட்டைக்கு எடது பக்கம், மூணாவது வரிசை.
அங்க காத்து ஜாஸ்தி."
திரி வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தேன்.
மூன்றாவது கோடு நனைந்து
நான்காவதோடு ஒட்டியிருந்தது.

செல்சி எழுத்துக்கூட்டிப் படிப்பவள்போல்
வாய்க்குள் உருட்டினாள்,
சொ. வா. வே.
"நடுவுல வான்னு கூப்பிடுதே பிள்ளே."

பேருதான் என்றேன்.
வடிகட்டியைக் கவிழ்த்து
தக்கைத் தூளைத் தட்டினேன்.